வேறு குடிப் பிள்ளை

யோசேப்பு இன்னமும் கல்லுப் போலத்தான் இருக்கிறான். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்துத் தேற்றாத்தீவிலும் களுதாவளையிலும் கூரையெல்லாம் பறந்தபோது, வீடு வீடாகப் போய் அஸ்பெஸ்டஸ் சீற் போட்டவர்கள் மூன்று பேர்: அண்ணன் மூத்ததம்பி, நான், யோசேப்பு. அண்ணனும் நானும் மேலே நிற்போம். கீழே நின்று சீற்றை அறுப்பது யோசேப்பின் வேலை. நாங்கள் ஒரு பங்கு தூசு குடித்தோம் என்றால் அவன் மூன்று பங்கு குடித்தான். பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது அரிசி மாவுக்குள் விழுந்து எழும்பியவன் மாதிரி இருப்பான். இன்றைக்கு அவனுக்கு அறுபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் பாட்டுப் படிக்கிறான். ஒரு இருமல் கிடையாது. அவனைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இந்த வயதில் அதை மறைத்து என்ன காணப்போகிறேன்?

அண்ணன் இரண்டாயிரமாம் ஆண்டு போனான். நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டியது. எடுக்க எடுக்க ஊறியது. புற்றுநோய் என்றார்கள். மூன்று வருடம் கழித்துத் தங்கச்சி சின்னத்தங்கம். அவள் கூரைப் பக்கமே போனவள் இல்லை. அந்த நாளில் எங்கள் இரண்டு பேருடைய சட்டைகளையும் கிணற்றடியில் உதறி உதறித் தோய்த்துப் போட்டாள், அவ்வளவுதான். அவளுக்கும் அதே தண்ணீர், அதே நோய்.

ஊர் சும்மா இருக்குமா? செய்வினை என்றது. கோயில் காணிக்குள் மண் எடுத்த குற்றம் என்றது. நான் இவற்றையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. எனக்கு என் மூளையில் ஒரு நம்பிக்கை. இருந்து யோசித்தேன். யோசேப்பு தூசு குடித்தான், ஒன்றும் இல்லை. அவன் பெண்சாதி செசீலியா அவன் சட்டையைத் தோய்த்தாள், அவளுக்கும் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் கூரையில் நின்றவனும் போனான், தோய்த்தவளும் போனாள். அப்படியென்றால் தூசு மட்டும் ஆளைக் கொல்லவில்லை. எங்கள் இரத்தத்துக்கு அந்தத் தூசு ஆகாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் எவரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தது இது. அது சரியாகவும் இருந்தது. பாதிக் கிணறு வரைக்கும் சரியாகத் தாண்டியிருந்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் நாங்கள் தாய்வழி. பிள்ளை எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வோம். தகப்பன் வேறு குடி. வீடு வளவு பெண்பிள்ளைக்கு. கோயில் திருவிழா நடத்தும் முறை குடிக்கு. ஆண் கலியாணம் முடித்துப் பெண்சாதியின் வீட்டுக்குப் போய்விடுவான், அவனுடைய குடியைத் தொடர்கிறவர்கள் அவனுடைய சகோதரியின் பிள்ளைகள். ஆகவே எனக்குச் சொந்தக் குடி என்று மிஞ்சியது தங்கச்சியின் மகன் ஜீவரெத்தினம் ஒருவன்தான். என் மகள் நேசமலர் என் பெண்சாதி ஆச்சிப்பிள்ளையின் குடி.

ஜீவரெத்தினம் அப்போது என்னோடு கூரை வேலைக்கு வந்துகொண்டிருந்தான். தங்கச்சியின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இனி வேலைக்கு வராத மருமகன்."

"ஏன் மாமா? நான் என்ன பிழை செய்தன்?"

"பிழையில்ல. இந்தச் சீற்றுத் தூசு எங்கட குடிக்கு ஆகாது. உன்ட அம்மாவ எரிச்ச சாம்பல் இன்னும் ஆறல்ல. உன்னையும் குடுக்க என்னால ஏலாது."

அவன் முறைத்தான். தொழிலைப் பறிக்கிறேன் என்று நினைத்தான். நான் விடவில்லை. ஏஜென்சிக்காரனைப் பிடித்து, கட்டாருக்கு அனுப்பும் வரைக்கும் தூங்கவில்லை. இங்கே இருந்தால் தூசு, இல்லாவிட்டால் இயக்கத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள். இரண்டிலிருந்தும் குடியைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. ஆச்சிப்பிள்ளையிடம் எத்தனை தரம் மார் தட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

பிறகு சுனாமி வந்தது. கடற்கரைப் பக்கம் வீட்டுத்திட்டங்கள் வந்தன. லொறி லொறியாகச் சீற் வந்து இறங்கியது. நான் குடிக்க வேண்டிய தூசைக் குடித்து முடித்தவன், இனி விட்டு என்ன என்று இறங்கினேன். எனக்கு வேலைக்குக் கை வேண்டும். இளந்தாரிப் பொடியன்களைக் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. போனவர்கள் போக, மிச்சப்பேர் ஒளித்துத் திரிந்தார்கள். நேசமலர்தான் முன்வந்தாள். அவள் புருசனுக்கு வாழைச்சேனையில் வேலை, பாதை திறந்தால் வருவான், பூட்டினால் வரமாட்டான். அவள் சின்ன வயதிலிருந்தே பயமில்லாதவள். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் அண்ணனின் பழைய அறுப்பு வாளை எடுத்தாள். ஒரு கிழமையில் என்னை விட நேராக அறுத்தாள்.

ஆச்சிப்பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை.

"மருமகன இந்தத் தூசுக்குப் பயந்து கட்டாருக்கு அனுப்பினீங்க. இப்ப புள்ளயக் கொண்டுபோய் அதுக்குள்ள விடுறீங்களே!"

"அவ உன்ட குடி. உன்ட ஆக்களுக்கு இது ஒண்டும் செய்யா. உன்ட அம்மா தொண்ணூறு வயசு மட்டும் கிண்ணெண்டு இருந்தவ. மறந்திட்டியா?"

ஒரு நாள் நேசமலர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். நான் சிரித்தேன். "உனக்கு எதுக்குப் புள்ள இது? இது எங்கட ஆக்களுக்குத்தான்," என்றேன். வெயிலில் மூச்சு முட்டுகிறது என்று அவளும் அதைக் கழற்றி வேலியில் போட்டாள். இரண்டு வருடமாக அவள் அறுத்தாள், நான் போட்டேன்.

போன ஆவணியில் எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எனக்குத் தெரியும். அண்ணனைப் பார்த்தவன், தங்கச்சியைப் பார்த்தவன், எனக்குத் தெரியாமல் என்ன? மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். சவ்வில் ஒரு துண்டை வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஐப்பசி கடைசியில் மூன்றாம் தரம் தண்ணீர் எடுக்கப் போனபோது முடிவும் வந்திருந்தது. நெஞ்சைச் சுற்றியுள்ள சவ்வில் புற்று. அஸ்பெஸ்டஸ் தூசால் வருகிறது. எனக்கு அதிர்ச்சி ஒன்றும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. மூன்றாவது ஆள், வரிசை முடிந்தது என்று நினைத்தேன்.

டொக்டர் பரீனா கல்முனைப் பக்கத்துப் பிள்ளை. முப்பத்தைந்து வயது இருக்கும். ஆறுதலாகப் பேசுவாள். கட்டிலடியில் கதிரையைப் போட்டு இருந்து, ஒரு தாளை எடுத்தாள்.

"ஐயா, உங்கட குடும்பத்துல வேற ஆருக்கும் புற்றுநோய் இருந்ததா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் மூன்று வருடமாகக் காத்திருந்தேன். அண்ணனைச் சொன்னேன், தங்கச்சியைச் சொன்னேன். யோசேப்பையும் செசீலியாவையும் சொன்னேன். இந்தத் தூசு எங்கள் இரத்தத்துக்குத்தான் ஆகாது என்று நானே கண்டுபிடித்ததைச் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத உங்களுக்கு ஆர் சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. நானா யோசிச்சன்."

"நல்லா யோசிச்சிருக்கீங்க. வெளிநாட்டுல இப்பதான் இதப் படிக்காங்க. ஒரே தூசக் குடிச்ச ஆக்கள்ல சில குடும்பங்களுக்கு மட்டும் கூட வருது எண்டு சொல்றாங்க. சரி, அண்ணன் தங்கச்சிக்கு முந்தி?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நோயாளி என்பதே மறந்துவிட்டது. அம்மா, அம்மாவின் அம்மா, மாமன்மார் நாலு பேர், பெரியம்மா, சின்னம்மா என்று விரல் விட்டுச் சொன்னேன். ஒருவருக்கும் இல்லை.

"வாப்பாட பக்கம்?" என்றாள்.

"அவர் வேற குடி டொக்டர்."

பேனை நின்றது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போனது.

"ஐயா, எங்க ஊர்லயும் குடி இரிக்கு. எங்கட உம்மாவும் இப்பிடித்தான், வருத்தம் எண்டா தாய்வழியத்தான் கேப்பா. குடி கலியாணத்துக்குச் சரி, பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் சரி. இரத்தம் குடி பாத்து வாறதில்ல. பாதி தாய், பாதி தகப்பன். வாப்பா என்னத்துல மௌத்தானார்?"

அப்பா கதிர்காமத்தம்பி செத்து நாற்பது வருடம். அவரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"அவருக்குக் கண்ணுக்குள்ள ஒரு கட்டி. கொழும்புல ஒரு கண்ண எடுத்துப்போட்டாங்க. மறுகா ரெண்டு வருசத்தால ஈரல்ல வந்து செத்தார். ஆனா அவர் சீற்றக் கண்ணாலயும் கண்டதில்ல, டொக்டர். வயல்காரன்."

"அவர்ட சகோதரங்கள்?"

"கொக்கட்டிச்சோலையில ஒரு மாமி இருந்தவ. வயித்துல கட்டி எண்டாங்க." சொல்லிக்கொண்டு வரும்போதே என் குரல் இறங்கியது.

அவள் பேனையைத் தாளின் மேல் வைத்தாள்.

"முழு உறுதியாச் சொல்ல ஏலாது. இங்க அதப் பரிசோதிக்க வசதியும் இல்ல. ஆனா நீங்க சொல்றதப் பாத்தா, அந்தப் பலவீனம் உங்கட வாப்பா பக்கத்தாலதான் உங்க மூண்டு பேருக்கும் வந்திருக்கும் போல. கண்ணுல வாற கட்டியும் இதுவும் ஒரு வேர்ல இருந்து வருதோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்காங்களா?"

"ஒண்டு. மகள்."

"அவக்கும் வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. அந்தத் தூசுப் பக்கம் மட்டும் அவவ விடாதீங்க."

சுவரில் மணிக்கூடு பத்தரை காட்டியது. இந்நேரம் நேசமலர் தேற்றாத்தீவில் கடைசி வீட்டின் பின்கூரைக்குச் சீற் அறுத்துக்கொண்டிருப்பாள். மாரி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று நான்தான் காலையில் சொல்லிவிட்டு வந்தேன்.

"இப்பவும் அறுத்துக்கொண்டுதான் நிப்பா, டொக்டர்," என்றேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "போன் இரிக்கா?"

"இரிக்கு. ரெண்டு நாளா லைன் இல்ல."

மூன்று நாள் வார்ட்டில் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் சட்டையைப் போட்டேன். டொக்டர் தடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் விருப்பத்தில் போகிறேன் என்று ஒரு துண்டில் கையெழுத்து வாங்கினாள். "மகளுக்கு எல்லாத்தையும் சொல்லுங்க. மறைக்காதீங்க. இனித் தூசு படாம இருந்தாலே பெரிய காரியம். பிற்காலத்துல நெஞ்சு நோவோ கண்ணுல மங்கலோ வந்தா, சளி எண்டு கிடக்காம ஓடி வரட்டும். மருமகனுக்கும் சொல்லுங்க, அவர்ட உம்மாவுக்கும் இருந்ததுதானே. உங்கட யோசேப்பும் தொடக் கூடாது. தூசு ஒருத்தருக்கும் கூட்டாளியில்ல."

பஸ் காத்தான்குடி தாண்டி, ஆரையம்பதி தாண்டி, குருக்கள்மடத்தில் நின்றது. முன்னால் எங்கோ கிளைமோர் கண்ணிவெடி வெடித்ததாம், பாதை பூட்டு. எல்லோரையும் இறக்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிறுத்தினார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஷெல் விழும் சத்தம் அரைமணிக்கு ஒருக்கால் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி ஒவ்வொரு சத்தத்துக்கும் தன் ஊர்ப் பெயரைச் சொல்லி, "அங்கால இல்ல, அங்கால இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

என் காலத்தில் நான் எத்தனையோ வரிசையில் நின்றிருக்கிறேன். எழுபத்தெட்டில் சூறாவளிக்குப் பின் பாண் ரொட்டிக்கு, தொண்ணூறில் உயிருக்கு, இப்போது எதற்கென்றே தெரியாமல். சலித்துப்போன மனிதன் நான். ஆனால் அன்றைக்கு நின்ற இரண்டு மணித்தியாலத்தைப் போல் எதுவும் என்னைத் தின்றதில்லை. ஒரு சீற்றை அறுக்க அவளுக்கு ஆறு நிமிடம். பத்துச் சீற், பதினைந்து சீற் என்று மனம் அதையே பெருக்கிக்கொண்டிருந்தது. கோவம் கோவமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பாதையைப் பூட்டியவன் மேலா, செத்துப்போன அப்பா மேலா? அப்பா பாவம், தந்தது தெரியாமல் தந்துவிட்டுப் போனவர். தெரிந்துகொண்டு செய்தவன் நான் ஒருவன்தான்.

நடந்து போகிறவர்கள் போகலாம் என்று இரண்டு மணிக்கு விட்டார்கள். அங்கிருந்து தேற்றாத்தீவுக்கு நல்ல உடம்போடு நடந்தாலே ஒரு மணித்தியாலத்துக்கு மேல். செட்டிபாளையத்தில் இரண்டு தரம் தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலாவில் ஊசி குத்திய இடம் சட்டையை நனைத்திருந்தது. ஒரு கிழவர், "தம்பி, இருந்திட்டுப் போங்க, முகம் நீலிச்சிரிக்கு," என்றார். இருந்தால் எழும்ப மாட்டேன் என்று பயந்து நடந்தேன்.

வேலை நடக்கும் வீட்டை நெருங்கும்போதே வாளின் சத்தம் கேட்டது. வேலிக்கு மேலால் வெள்ளைத் தூசு எழும்பி நின்றது. நேசமலர் இரண்டு மரக்குற்றிகளின் மேல் சீற்றைக் கிடத்தி, காலால் மிதித்துக்கொண்டு, குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கும் சீற்றுக்கும் ஒரு முழம்கூட இல்லை. புருவம், கண்மயிர், உதடு எல்லாம் வெள்ளை.

"நிப்பாட்டு!" என்று கத்த நினைத்தேன். வாய்க்குள் காற்று இல்லை. போய் வாளைப் பிடித்தேன்.

"என்னப்பா? ஆஸ்பத்திரியில நிக்கச் சொல்லல்லையா? இன்னும் நாலு சீற்தான் கிடக்கு..."

"வாளப் போடு புள்ள. போட்டிட்டு இங்கால வா."

"மழை வரப்போகுதப்பா."

"வரட்டும்!"

நான் அப்படி அவளிடம் பேசியதே இல்லை. வாளை விட்டாள். கிணற்றடிக்குக் கூட்டிப்போய் முதலில் தலையைக் கழுவச் சொன்னேன். உதறாதே, தோய்க்காதே, அப்படியே தண்ணீரை ஊற்று என்றேன். சீலையோடு ஊற்றினாள். வெள்ளைத் தண்ணீர் வழிந்து கமுகடிக்கு ஓடியது. நான் துவைகல்லில் குந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். மூச்சு விட்டு விட்டுச் சொன்னேன். என் நோய் என்ன என்று சொன்னேன். அவள் அழ வந்தாள், கையைக் காட்டி நிறுத்தினேன். அப்பாவின் கண்ணைச் சொன்னேன், கொக்கட்டிச்சோலை மாமியைச் சொன்னேன். பாதி தாய், பாதி தகப்பன் என்று டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம் என்பதை மூன்று தரம் சொன்னேன்.

அவள் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப ஜீவாவ வேலையால நிப்பாட்டினது இதுக்கா?"

"ஓம்."

"மூண்டு வருசத்துக்கு முந்தியே இந்தத் தூசு கூடாது எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் புள்ள."

"என்ன ஏன் நிப்பாட்டல்ல?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் நடந்து வந்தேன். வழியெல்லாம் பதில் தேடினேன். கடைசியில் உள்ளதைத்தான் சொன்னேன்.

"நீ அம்மாட குடிதானே எண்டு நினைச்சன்."

கடற்பக்கம் இருண்டுகொண்டு வந்தது. வாவிப் பக்கம் திரும்பவும் ஒரு சத்தம். இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

"சின்னனில," என்றாள், "உங்கட குடித் திருவிழா அண்டைக்கு உங்கட கையப் புடிச்சிக்கொண்டு நானும் முன்னுக்கு வருவன். உங்கட ஆக்கள் என்னப் பாத்து, 'நீ வேற குடிப் புள்ள, அங்கால போய் நில்லு,' எண்டு சொல்லுவாங்க. நீங்களும் கைய விட்டிருவீங்க. ஜீவாவத் தூக்கித் தோள்ல வெச்சிக்கொள்ளுவீங்க. நான் தூணடியில நிண்டு பாத்துக்கொண்டு நிப்பன்."

எனக்கு அது நினைவே இல்லை. அவள் சொல்லித்தான் தெரியும்.

"இப்பதானாப்பா நான் உங்கட புள்ள?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்பவள் போலக் கேட்டாள்.

"ஓம் மகள்," என்றேன். துவைகல்லில் இருந்து அழுதேன். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும்கூட நான் அப்படி அழுததில்லை.

அவள் அழவில்லை. வாளியைக் கிணற்றில் விட்டு அள்ளித் தலையில் ஊற்றினாள். பிறகு இன்னொன்று. தலையில் தூசு எப்போதோ போய்விட்டது. நான் போதும் என்று சொல்லச் சொல்ல, அவள் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நின்றாள்.